இரும்பாள் இரண்டாம் தடவை வந்தபோது

எங்கள் மாமா ஒரு சினிமாவை நம்பித்தான் பெண் கேட்டார். அதுவும் இங்கிலீஷ் சினிமா. அதிலும் இன்னும் ஊருக்கு வந்தே சேராத சினிமா. மாமாவைத் தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. தெரியாதவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன்.

மாமா என்றால் என் அம்மாவின் தம்பி. பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டிலேயே இருந்தார். அப்பா தறி நெய்தார், மாமா அட்டை குத்தினார். பட்டுப் புடவையில் அன்னமும் யாளியும் தாமாக வந்து உட்கார்ந்துகொள்வதில்லை. தறிக்கு மேலே, இழைகளைத் தூக்கும் கொக்கிகளோடு ஒரு பெட்டி இருக்கும். துளை போட்ட அட்டைகளை நூலில் மாலைபோலக் கோத்து அந்தப் பெட்டியில் மாட்டினால், நெய்கிறவர் ஒரு மிதி மிதிக்க ஓர் அட்டை நகரும். துளை இருக்கிற இடத்தில் இழை மேலே ஏறும், இல்லாத இடத்தில் ஏறாது. அப்படி ஏறி இறங்கித்தான் அன்னத்துக்கு மூக்கு வருகிறது. கட்டம் போட்ட காகிதத்தில் வரைந்த படத்தைப் பார்த்து, எந்த அட்டையில் எங்கே துளை என்று தட்டித் தட்டிக் குத்துவதும், குத்தியதைக் கோத்துக் கொடுப்பதும் மாமாவின் தொழில். மாலையைத் திருப்பிக் கோத்துவிட்டால் கிழக்கே பார்க்க வேண்டிய அன்னம் மேற்கே பார்க்கும். மாமா கோத்து எந்த அன்னமும் திசை மாறியதில்லை. இதை நான் பள்ளிக்கூடத்தில் கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொல்லி வைத்திருந்தேன்.

எனக்கு ஏழெட்டு வயது இருக்கும்போது, அறுபதுகளின் கடைசியில், அந்தச் சினிமாவின் முதல் பாகம் வந்தது. அதன் இங்கிலீஷ் பெயர் எங்கள் தெருவில் யார் வாயிலும் நுழையவில்லை. இரும்பாள் படம் என்று நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம். பனை உயரத்துக்கு ஓர் இரும்பு மனிதன். வேறு ஏதோ கிரகத்திலிருந்து வந்து இறங்கிய பறக்கும் வண்டிகளை அவன் ஒவ்வொன்றாகப் பிடித்து அப்பளம்போல நொறுக்குவான். பீரங்கிக் குண்டு பட்டு அவன் இடது தோள் நசுங்கிப் போகும், அப்போதும் விடமாட்டான். இதெல்லாம் எந்த ஊரிலும் கைதட்டல் வாங்கியிருக்கும். காஞ்சிபுரத்தில் கொட்டகையே எழுந்து நின்றது வேறோர் இடத்தில். நரைத்த தலை விஞ்ஞானி ஒருவர், விளக்குகள் மினுக்கும் பீரோ ஒன்றின் வாயில் எதையோ செருகுவார். செருகியதும் இரும்பாள் கண்ணைத் திறப்பான். அவர் செருகியது ஓர் அட்டை. துளை போட்ட அட்டை.

பெஞ்சு டிக்கெட்டில் உட்கார்ந்திருந்த பாதிப்பேர் நெசவுக்காரர்கள். நம்ம அட்டை, நம்ம அட்டை என்று எழுந்த கூச்சலில் இரண்டு நிமிஷம் படத்தின் சத்தமே கேட்கவில்லை. இரும்பாளின் வயிற்றுக்குள் இருப்பது தறிப் பெட்டிதான் என்று அன்றே ஊர் முடிவு செய்துவிட்டது. அது எத்தனை கொக்கிப் பெட்டி என்பதில்தான் கருத்து வேற்றுமை. வெகு காலம் கழித்து, கம்ப்யூட்டருக்கு அட்டை போனதே தறியிலிருந்துதான் என்று ஒரு பெரிய படிப்புக்காரர் மேடையில் விளக்கியபோது எல்லோரும் வியந்து கேட்டார்கள். எனக்கு வியப்பே வரவில்லை. எங்கள் தெரு அதை என்றைக்கோ தீர்மானித்து முடித்திருந்தது.

அன்று முதல் மாமாவின் மவுசு ஏறிப்போனது. படத்தில் யாருக்கும் ஒரு வார்த்தை புரியவில்லை. அதனால் அட்டைக்காரர் சொன்னதுதான் கதை. படம் ஓடிய நாள் பூராவும் மாமா கொட்டகையில்தான் கிடந்தார். ஆட்களைச் சேர்த்துக் கூட்டி வருகிறார் என்று கொட்டகை மானேஜரே அவரை டிக்கெட் கேட்காமல் உள்ளே விட்டார். எந்த அட்டைக்கு இரும்பாள் கையைத் தூக்கினான், எந்த அட்டைக்கு அழுதான் என்று மாமா தறிக்குழியில் இருப்பவர்களுக்கெல்லாம் போய்ச் சொல்லிவிட்டு வருவார். இரும்பாள் அழுததாக எனக்கு ஞாபகமில்லை. ஆனால் மாமா சொன்னால் அழுதிருப்பான் என்றுதான் நான் நம்பினேன்.

இந்த மாமாவுக்குத்தான் ஐயம்பேட்டையில் ஒரு பெண்ணைப் பார்த்தோம். பெண்ணின் அப்பாவுக்கு மூன்று தறி. அதில் ஒன்றில் அந்த அக்காவே உட்கார்ந்து நெய்தாள். மாமாவுக்கு அவளைப் பிடித்துப்போனது என்பது எனக்கே தெரிந்தது. திரும்பி வரும் வழியெல்லாம் பேசாமல் வந்தார், அது அவர் பழக்கமே இல்லை. அவள் வீட்டிலும் எல்லாருக்கும் சம்மதம், பெண்ணின் அப்பா ஒருவரைத் தவிர. அவர் என் அப்பாவைத் தனியாக அழைத்துக் கேட்டாராம்: "பையன் நல்லாத்தான் இருக்குறான். ஆனா தறியில உக்கார மாட்டான்றீங்களே. அட்டையில ஓட்டை போட்டுக்கினு இருக்குறது ஒரு வேலையாபா?"

மாமாவுக்கு இது சுருக்கென்று தைத்துவிட்டது. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் குதிரை வண்டியில் தட்டி கட்டிக்கொண்டு, தமுக்கடித்து நோட்டீசு வீசிக்கொண்டு போனார்கள். இரும்பாள் மறுபடி வருகிறான். இரண்டாம் பாகம். முன்னைவிடப் பெரிசு, முன்னைவிடப் பயங்கரம். மாமா அந்த நோட்டீசைக் கையில் பிடித்துக்கொண்டு அப்பாவிடம் வந்தார். ஐயம்பேட்டைக்காரரை வருகிற அமாவாசைக்கு அழைத்து வாருங்கள், அட்டை வேலை என்னவென்று அவர் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளட்டும் என்றார். பெண் கேட்பதற்கு அண்ணனைத் தூது அனுப்புவார்கள், தரகரை அனுப்புவார்கள். இரும்புப் பூதத்தை அனுப்பியது எங்கள் வம்சத்தில் மாமா ஒருவர்தான். அப்பா தலையில் அடித்துக்கொண்டாலும் போய்ச் சொன்னார். அதைவிட ஆச்சரியம், அந்த மனிதரும் சரி என்றார். படத்தைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்கிறேன் என்றாராம்.

அமாவாசையன்று எங்கள் ஊரில் தறிச் சத்தம் கேட்காது. நெசவுக்காரர்களுக்கு அதுதான் ஞாயிற்றுக்கிழமை. அதனால் பகல் காட்சிக்கே கொட்டகை நிரம்பி வழிந்தது. முதலில் காமாட்சியம்மன் கோயிலில் தற்செயலாகச் சந்திப்பதுபோல இரண்டு குடும்பமும் சந்தித்துக்கொண்டது. பிறகு, அதுவும் தற்செயலாக, எல்லாருமாகக் கொட்டகைக்குப் போனோம். மாமா நாற்காலி டிக்கெட் எடுத்திருந்தார். ஐயம்பேட்டைக்காரர், அவர் சம்சாரம், அந்த அக்கா, அப்புறம் நான், எனக்கு அந்தப் பக்கம் மாமா, அவரை ஒட்டி அம்மாவும் அப்பாவும். மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் நடுவே வேலியாக என்னை நட்டு வைத்தார்கள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. இன்றைக்கு இரும்பாள் வந்து இந்த ஐயம்பேட்டைக்காரர்களின் வாயை அடைக்கப்போகிறான், அதை முன்வரிசையில் இருந்து பார்ப்பதுபோலப் பார்க்கப்போகிறேன் என்று உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இரும்பாள் வரவில்லை. கோட்டு போட்ட ஆட்கள் வந்தார்கள். ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பேசினார்கள். அறையை விட்டு வெளியே வந்து பேசினார்கள். காரில் ஏறிப் போய் வேறோர் அறையில் இறங்கிப் பேசினார்கள். ஒருவனும் ஒருத்தியும் கடற்கரையில் நடந்தார்கள், அவர்களும் பேசினார்கள். பெஞ்சுப் பக்கத்தில் குழந்தைகள் அழ ஆரம்பித்தன. அட்டை எங்கேடா என்று அம்மா மாமாவின் காதில் கேட்டாள். வரும் என்றார் மாமா. விளக்கு மினுக்கும் பீரோ வந்தது. ஆனால் விஞ்ஞானி அதில் எதையும் செருகவில்லை, ஒரு பொத்தானை அமுக்கிவிட்டுப் போனார். அம்மா மறுபடி கேட்டாள். வரும்க்கா, செத்த இரு என்றார் மாமா. அவருடைய கால் ஆடிக்கொண்டே இருந்தது, என் நாற்காலியும் சேர்ந்து ஆடியது.

இடைவேளைக்குச் சற்று முன்னால் ஒருவழியாக இரும்பாள் வந்தான். கொட்டகை விசிலில் அதிர்ந்தது. ஆனால் நடக்கும்போது அவன் முழங்காலில் சுருக்கம் விழுந்தது. இரும்பில் சுருக்கம் விழுமா என்று எனக்குச் சந்தேகம் தட்டியது. மாமாவிடம் கேட்கவில்லை. ஐயம்பேட்டைக்காரர் ஒரு தடவை கொட்டாவி விட்டார், அதை நான் பார்த்தேன், மாமாவும் பார்த்தார்.

இடைவேளையில் மாமா எல்லாருக்கும் முறுக்கும் கலரும் வாங்கித் தந்தார். இனிமேல்தான் படமே என்று யாரும் கேட்காமலேயே சொன்னார். அது வீண்போகவில்லை. விளக்கணைந்ததும் தெருச்சண்டை வந்தது. பறக்கும் வண்டிகள் வந்தன, பட்டாளம் வந்தது, இரும்பாள் பழைய மிடுக்கோடு வண்டிகளைப் பிடித்துப் பிடித்து நொறுக்கினான். இப்போது முழங்காலில் சுருக்கமே இல்லை. மாமா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார், அவர் முகத்தில் உயிர் வந்துவிட்டது. என் நெஞ்சு நிமிர்ந்தது. நான் அந்த அக்காவைத் திரும்பிப் பார்த்தேன், எப்படி எங்கள் இரும்பாள் என்று கேட்பதுபோல.

அவள் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் குனிந்து, "பாப்பா, அட்டையைத் திருப்பிக் கோத்துட்டாங்க" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. அவள் மெல்லிய குரலில் விளக்கினாள். இடைவேளைக்கு முன்னால் நடந்து வந்தபோது இரும்பாளின் இடது தோளில் இருந்த நசுங்கல் இப்போது வலது தோளில் இருக்கிறது. பட்டாளத்துக்காரர்கள் எல்லாரும் இடது கையால் சலாம் வைக்கிறார்கள். அன்னம் பக்கம் மாறி நிற்கிறதில்லையா, அதுபோல என்றாள்.

எனக்கு வந்த கோபம் சொல்லி முடியாது. எங்கள் மாமா உட்கார்ந்திருக்கிற இடத்தில், அட்டை திரும்பியிருக்கிறது என்று சொல்ல இவள் யார்? இதை மாமாவே இல்லை என்று சொல்லிவிடட்டும் என்ற வேகத்தில் நான் உரக்கவே கேட்டுவிட்டேன். "மாமா, இந்த அக்கா அட்டை திரும்பிக்கினு இருக்குதுன்றாங்க. இல்லதானே?"

மாமா திரையை உற்றுப் பார்க்க ஆரம்பித்தார். முன்வரிசையில் இருந்த எங்கள் தெருக்காரர் திரும்பி அக்காவைப் பார்த்தார், பிறகு திரையைப் பார்த்தார், ஆமாம்பா என்றார். அவ்வளவுதான். அந்தப் பேச்சு நாற்காலியிலிருந்து பெஞ்சுக்கும் பெஞ்சிலிருந்து தரைக்கும் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்? அன்றாடம் அன்னம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பார்த்தே பிழைக்கிற ஜனங்கள். ஒருவர் கண்ணுக்குத் தெரிந்ததும் எல்லார் கண்ணுக்கும் தெரிந்துவிட்டது. ஆபரேட்டர்தான் படத்தைத் திருப்பி மாட்டிவிட்டான் என்று அத்தனை பேரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள். அட்டையைத் திருப்புடா என்று கொட்டகை முழுக்கக் கத்தியது. நெசவுக்காரர்கள் இல்லாத ஊரில் இப்படி ஒரு கலாட்டா நடந்திருக்கவே முடியாது.

படம் நின்றது, விளக்கு போட்டார்கள். மானேஜர் ஓடிவந்து, படப்பெட்டியில் வந்தது எப்படியோ அப்படித்தான் மாட்டியிருக்கிறது என்று கும்பிட்டார். யாரும் கேட்பதாக இல்லை. அட்டைக்காரரைக் கூப்பிடு, அவர் பார்த்துச் சொல்லட்டும் என்று ஒரு குரல் வந்தது. உடனே எல்லாத் தலையும் எங்கள் மாமா பக்கம் திரும்பியது. மாமா எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மானேஜரோடு ஆபரேட்டர் அறைக்குப் படியேறினார்.

அவர் வருகிற வரைக்கும் எங்கள் வரிசை மட்டும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தது. ஐயம்பேட்டைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு வெள்ளைத் திரையையே பார்த்தார். தன் மகள் வாயைத் திறந்ததற்கு அவருக்குக் கோபமா, மாமாவின் படத்துக்காகக் கோபமா என்று தெரியவில்லை. அம்மா முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தாள். சம்பந்தம் கைவிட்டுப் போயிற்று என்பது அவள் முகத்திலேயே எழுதியிருந்தது. அந்த அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். நான் அவளை விடவில்லை. எங்கள் மாமா கண்டுபிடித்திருப்பார், நீங்கள்தான் முந்திக்கொண்டீர்கள் என்று சொன்னேன்.

"கண்டுபிடிச்சிருப்பாரு கண்ணு" என்றாள் அவள். "ஆசையா பாத்துக்கினு இருந்தாரு இல்ல, அதான் தெரியல."

மேலே நடந்ததை மாமா சொல்லக் கேட்டு அப்பா பிற்பாடு எனக்குச் சொன்னார். மாமா படச்சுருளை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தாராம். முதல் படத்தில் சண்டைக்கு நடுவே ஒரு கறுப்பு நாய் தெருவைக் கடந்து ஓடும். அந்த நாயை மாமாவுக்குச் சொந்தக்கார நாயைப்போலத் தெரியும். அதே நாய் இதிலும் ஓடியது, எதிர்ப்பக்கமாக. பழைய படத்தின் சண்டையை வெட்டி, பக்கம் மாற்றிப் போட்டு, கோட்டுக்காரர்களின் பேச்சையும் முழங்கால் சுருங்கும் ஒரு போலி இரும்பாளையும் முன்னும் பின்னும் ஒட்டி, புதுப் படம் என்று அனுப்பிவிட்டார்கள். பழைய கள் புது மொந்தை. மானேஜர் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டாராம். ஆபரேட்டர் தப்பாக மாட்டிவிட்டான், நான் சரிசெய்துவிட்டேன் என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிடு, ஜனம் அடங்கிவிடும், உனக்கும் பேர் என்றாராம். உண்மைதான். அப்படிச் சொல்லியிருந்தால் இரும்பாளின் மானமும் மாமாவின் மானமும் சேர்ந்தே பிழைத்திருக்கும். மாமனார் ஆகப்போகிறவர் முன்னால் கொட்டகையையே காப்பாற்றிய அட்டைக்காரர் ஆகியிருப்பார்.

மாமா படியிறங்கி வந்து, நடுவழியில் நின்றார். கொட்டகை அடங்கியது.

"ஆபரேட்டர் மேல தப்பு இல்லபா. போன படத்துல வந்ததையே திருப்பிப் போட்டு நம்மள ஏமாத்திட்டானுங்க. அந்தப் படத்த நான் எத்தினி தபா பாத்தேன்னு உங்களுக்கே தெரியும். எனக்குத் தெரியல. அந்தப் பொண்ணு ஒரு தபா பாத்துட்டு சொல்லிடுச்சு. அது சொன்னதுதான் சரி."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். இதைவிட அந்த இரும்பாள் திரையைக் கிழித்துக்கொண்டு வந்து எங்களை மிதித்திருக்கலாம் என்று இருந்தது. காசு கொடுத்து வந்த ஜனம் வீட்டுக்குப் போகுமா? மிச்சப் படத்தையும் போடச் சொல்லிப் பார்த்தார்கள். கழுதை தேய்ந்து கட்டெறும்பான அந்தப் படத்தை அதற்குப் பிறகு ரசித்ததுபோல எந்தப் படத்தையும் எங்கள் ஊர் ரசித்ததில்லை. பக்கம் மாறிய காட்சி ஒவ்வொன்றுக்கும் திரும்பிச்சுடா என்று கொட்டகையே சேர்ந்து கத்தியது. ஐயம்பேட்டைக்காரரின் சம்சாரம்கூட வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். மாமாவும் சிரித்தார். நான் ஒருத்திதான் அழாமல் இருக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்ததும் சோடாக்கடை ஓரமாக ஐயம்பேட்டைக்காரர் நின்றார். மாமாவை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்தார். பிறகு என் அப்பாவிடம், "அட்டை வேலை இன்னான்னு எனக்கு இன்னும் வெளங்கலபா" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டார். "தை மாசத்துல வெச்சிக்கலாம்."

இந்த இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று நான் விழித்தேன். அம்மா சட்டென்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பெண் கொடுக்க மாட்டேன் என்று சொல்ல வேண்டியவர் கொடுக்கிறேன் என்கிறார், வேண்டாம் என்று சொல்ல வேண்டிய மாமா தலையைக் குனிந்துகொண்டு சிரிக்கிறார். பெரியவர்கள் எல்லாரும் சேர்ந்து புத்தி தடுமாறிப் போனார்கள் என்று நினைத்தேன். பஸ் ஏறும்போது அந்த அக்கா என்னைப் பார்த்துக் கையாட்டினாள். நான் ஆட்டவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அந்த அக்கா நமக்கு வேண்டாம், ஊரே பார்க்க மாமாவைத் தோற்கடித்துவிட்டாள், அவள் வந்தால் மாமாவை யார் மதிப்பார்கள் என்றேன். அம்மா விளக்குத் திரியைத் திரித்துக்கொண்டே கேட்டாள். விளக்கு வைக்கிற நேரமாகிவிட்டது, மாமாவைக் கூட்டி வா என்று அனுப்பினாள்.

மாமா தெருமுனை டீக்கடையில் இருந்தார். அவரைச் சுற்றி நல்ல கூட்டம். முதல் படத்துக்குக் கதை சொன்னதுபோலவே இரண்டாம் படத்துக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். நான் கூட்டத்துக்குள் புகுந்து நின்று கேட்டேன். அதில் இரும்பாள் வரவே இல்லை. பறக்கும் வண்டி இல்லை, பட்டாளம் இல்லை. நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள், நெற்றியைச் சுருக்குகிறாள், நசுங்கல் எந்தத் தோளில் என்று பார்க்கிறாள், ஒரே ஒரு வார்த்தை சொல்கிறாள், மொத்தக் கொட்டகையும் நின்றுபோகிறது. மாமா தன் தோளைத் தொட்டுக் காட்டினார், இடது கையால் சலாம் வைத்துக் காட்டினார். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஒன்றும் தெரியாமல் வாயைப் பிளந்த மடையன் ஒருவனும் அந்தக் கதையில் வந்தான். அவனையும் மாமா ஒளிக்காமல் நடித்துக் காட்டினார். புதிதாக ஒருவர் வந்து என்ன சங்கதி என்று கேட்டபோது, முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்தார். "எங்க வூட்டுக்கு வரப்போற பொண்ணுபா" என்று முடித்தார்.

நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். இன்னும் ஒரு தடவை சொல்லிவிட்டு வருகிறேன் என்று மாமா என் தலையைத் தடவினார். அத்தனை பேர் முன்னால் தோற்றுவிட்டு வந்த மனிதர் எதற்காக இப்படி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அதைச் சொல்கிறார் என்று எனக்கு அன்று விளங்கவே இல்லை.